சதாம் பிடிபட்ட நாளும் செஞ்சிக் கோட்டை கண்ட வீழ்ச்சிகளும்

செஞ்சிக் கோட்டைக்குச் செல்லும் நம் குடும்பங்களில் பெரும்பாலானவை, ராஜகிரியின் உச்சிவரை ஏறுவதா, ராணிக்கோட்டையோடு திரும்பிவிடுவதா என்று பேசியே பாதி நேரத்தைக் கழித்துவிடுகின்றன. மேலே ஏற முடியாத பெரியவர்கள் கல்யாண மகாலின் நிழலில் உட்கார்ந்துகொள்வார்கள். கோட்டைக்குள் இருக்கும் சாதத்துல்லா கான் பள்ளிவாசலைத் தேடிச் சென்று பார்ப்பவர்கள் குறைவு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர்களின் இராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் தமிழகத்தில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். அதன் பிறகு கூட்டம் கூடியிருக்கிறது, நல்லதே. ஆனால் மராட்டியர் இந்தக் கோட்டையை வைத்திருந்தது 1677 முதல் 1698 வரை, சுமார் இருபது ஆண்டுகள்தாம். அதற்கு முன்னும் பின்னும் நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், முகலாயர், ஆற்காடு நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், ஹைதர் அலி என்று எத்தனையோ கொடிகள் இங்கே ஏறி இறங்கியிருக்கின்றன.

ஒவ்வொரு முறை கொடி மாறியபோதும் கோட்டைக்கு வெளியே வாழ்ந்த மக்கள் என்ன நினைத்தார்கள்? வீழ்ந்தவனுக்காக அழுதார்களா, வென்றவனை வரவேற்றார்களா? இந்தக் கேள்வியைப் பழங்கதை என்று நம்மால் ஒதுக்கிவிட முடியாது. 2003 டிசம்பரில் இராக்கின் முன்னாள் அதிபர் சதாம் ஹுசைன் அமெரிக்கப் படையிடம் பிடிபட்டபோது, இதே கேள்விதான் நம் தெருக்களிலும் தேநீர்க் கடைகளிலும் பள்ளிவாசல் திண்ணைகளிலும் பேசப்பட்டது. இன்னும் பேசி முடிந்தபாடில்லை. 1991ஐ ஒட்டிப் பிறந்து, அந்தப் பெயரையே சுமந்து வளர்ந்த பிள்ளைகள் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். இன்று முப்பதைத் தாண்டிவிட்ட அவர்கள், "அத்தா, அந்த மனிதர் நல்லவரா கெட்டவரா, எனக்கு ஏன் இந்தப் பெயரை வைத்தீர்கள்?" என்று கேட்கும்போது, பதில் சொல்ல முடியாமல் பேச்சை மாற்றும் பெரியவர்களே அதிகம்.

நாம் செஞ்சியிலிருந்தே தொடங்குவோம்.

தேசிங்கும் மகபத்கானும்

தேசிங்குராஜன் கதையைக் கேட்டு வளராத வட தமிழகத்துக் குடும்பம் அபூர்வம். தேஜ் சிங் என்ற அந்த இளைஞர் புந்தேலா ராஜபுத்திரர். தந்தை சொரூப் சிங் முகலாயரின் கோட்டைத் தலைவராகச் செஞ்சிக்கு வந்தவர். தந்தை இறந்ததும் மகன் பொறுப்பேற்றார். கப்பப் பாக்கியைக் கேட்ட ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானுக்குப் பணிய மறுத்தார். 1714 அக்டோபர் 3 அன்று நடந்த போரில் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 22.

கதைப்பாடல் வழியாக மக்கள் நினைவில் தங்கியது யார் என்பதைக் கவனிக்க வேண்டும். தேசிங்கோடு சேர்த்து அவருடைய முஸ்லிம் நண்பர் மகபத்கானையும் மக்கள் பாடினார்கள். தம் திருமண வேளையில் போர்ச் செய்தி வந்ததும், மணக்கோலத்தை விட்டுவிட்டு நண்பனுக்காகக் களத்துக்குப் போய் உயிர் துறந்தவர் என்று அந்தக் கதை சொல்கிறது. வென்ற நவாபும் முஸ்லிம், தோற்ற பக்கத்தில் உயிர் கொடுத்தவரும் முஸ்லிம். இதை மதப் போராகச் சித்திரிக்க விரும்புகிறவர்களுக்கு இந்தக் கதை பெரிய தொந்தரவு.

இன்னொன்றும் உண்டு. வென்ற நவாப், தோற்றவரின் உடலை அவமதிக்கவில்லை. உரிய மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கச் செய்தார். தீயில் இறங்கி உயிர்விட்ட தேசிங்கின் மனைவியின் நினைவாகவே ராணிப்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. நவாபின் மீது மக்களுக்குத் தீராத வெறுப்பு எதுவும் அந்தக் கதைகளில் ஊறிக் கிடக்கவில்லை என்றால், தோற்றவரை அவர் நடத்திய விதத்துக்கு அதில் பங்கு உண்டு என்றே நாம் கருதுகிறோம். கோட்டைப் பள்ளிவாசலை அவர் கட்டியது இதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1717-18ல்.

1750: பிறர் கையால் வந்த வெற்றி

முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து இதே செஞ்சிச் சீமையில் நடந்தது இதற்கு நேர்மாறான கதை.

ஹைதராபாத் நிஜாம் ஆசஃப் ஜா 1748ல் இறந்ததும், மகன் நாசிர் ஜங்குக்கும் மகள் வழிப் பேரன் முஸஃபர் ஜங்குக்கும் பதவிப் போட்டி வந்தது. நாசிர் ஜங் பக்கம் ஆங்கிலேயர் நின்றார்கள். முஸஃபர் ஜங் பக்கமும், ஆற்காடு நவாப் பதவியைக் கேட்ட சந்தா சாகிப் பக்கமும் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துப்ளே நின்றார். 1750 செப்டம்பரில் புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி, யாராலும் பிடிக்க முடியாது என்று பெயரெடுத்திருந்த செஞ்சிக் கோட்டையை ஒரே இரவில் பிடித்தார். முகலாயப் படை ஏழெட்டு ஆண்டுகள் முற்றுகையிட்டுப் பிடித்த கோட்டை இது!

அடுத்த டிசம்பரில் செஞ்சிக்கு அருகே முகாமிட்டிருந்த நாசிர் ஜங்கின் படை மீது பிரெஞ்சுப் படை விடியும் முன்பே பாய்ந்தது. நாசிர் ஜங் யானை மீதேறி, தம் பக்கத்து நவாப்களிடம் உதவி கேட்டுப் போனார். அவர்கள் ஏற்கெனவே பிரெஞ்சுக்காரரோடு இரகசியமாகப் பேசி முடித்துவிட்டார்கள். கடப்பை நவாபே அவரைச் சுட்டுக் கொன்றார். தலையை வெட்டி ஈட்டியில் செருகிக் காட்டினார்கள். அதே முகாமில் அதுவரை கைதியாகக் கிடந்த முஸஃபர் ஜங், சில நிமிடங்களில் நிஜாம் ஆனார்.

புதுச்சேரியில் கொண்டாட்டம். செய்தி கிடைத்ததும் சந்தா சாகிப் தம் வீட்டிலிருந்து தெருவில் தனியாக ஓடிப் போய்த் துப்ளேயைக் கட்டித் தழுவினார் என்று ஆங்கில வரலாற்றாசிரியர் ஓர்ம் எழுதி வைத்திருக்கிறார். வெற்றி நடந்த இடத்தில் ஓர் ஊரையே உருவாக்கி, அதற்குத் துப்ளே ஃபத்தேஹாபாத் என்று பெயரிட்டு, பல மொழிகளில் பொறித்த வெற்றித் தூணையும் நிறுத்தத் துப்ளே ஏற்பாடு செய்தார். ஃபத்ஹ் என்ற அரபுச் சொல்லின் பொருள் நம் வாசகர்களுக்குத் தெரியும். பிரெஞ்சு வணிகக் கம்பெனியின் வெற்றிக்கு அரபுச் சொல்லில் பெயர் வைத்து, அதைத் தம் வெற்றி என்று முஸ்லிம் நவாப்களையே நம்ப வைத்ததுதான் துப்ளேயின் கெட்டிக்காரத்தனம்.

அந்த மகிழ்ச்சி எத்தனை நாள் நீடித்தது? முஸஃபர் ஜங் இரண்டே மாதத்தில், 1751 பிப்ரவரியில், தம்மைப் பதவியில் ஏற்றிய அதே நவாப்களோடு நடந்த மோதலில் கொல்லப்பட்டார். தெருவில் ஓடிய சந்தா சாகிப் 1752 ஜூனில், உயிருக்குப் பாதுகாப்புத் தருவதாகச் சொன்ன தஞ்சைத் தளபதியை நம்பிச் சரணடைந்தார். அவருடைய தலையும் வெட்டப்பட்டு எதிரியான முகமது அலிக்கு அனுப்பப்பட்டது. வெற்றி ஊரையும் அதே ஆண்டில் கிளைவின் படை இடித்துத் தள்ளியது. செஞ்சியோ 1761 வரை பிரெஞ்சுக்காரரிடமும், பிறகு ஆங்கிலேயரிடமும் போயிற்று. ஒருவர் வீழ்ந்தபோது கைதட்டிய நவாப் குடும்பங்களில் எதற்கும் இறுதியில் சொந்தமாக ஒரு பிடி மண்ணும் மிஞ்சவில்லை.

மதுரையில் கான்சாகிபு

செஞ்சியை விட்டுச் சற்றுத் தெற்கே போனால், சதாமின் கதைக்கு இன்னும் நெருக்கமான ஒன்று கிடைக்கிறது. மருதநாயகம் என்று திரைப்பட அறிவிப்புகளால் பலருக்கும் தெரிந்த முகமது யூசுப் கான், இராமநாதபுரம் சீமையின் பனையூரில் பிறந்து, இஸ்லாத்தைத் தழுவி, கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்களுக்குத் தளபதியானவர். அவரைக் குற்றமற்ற விடுதலை வீரராக மட்டும் காட்டும் கட்டுரைகள் ஏராளம். நாம் அப்படி எழுதப் போவதில்லை. நெல்லைச் சீமையின் பாளையக்காரர்களை, பூலித்தேவர் உள்பட, கம்பெனிக்காகவும் நவாபுக்காகவும் அடக்கியவர் அவர்தான். அந்தக் குடும்பங்களுக்கு அவர் பெயர் அச்சத்தின் பெயர். மறுபக்கம், மதுரையை ஆண்டபோது ஏரி குளங்களைச் சீர்செய்ததும், மீனாட்சி அம்மன் கோயிலின் நிலங்களை மீட்டுக் கொடுத்ததும், வழிப்பறியை ஒடுக்கியதும் உண்மைதான்.

நவாபையும் கம்பெனியையும் எதிர்த்து 1763ல் அவர் சுதந்திர ஆட்சியாளராக நின்றபோது மதுரை முற்றுகையிடப்பட்டது. பல மாதம் தாக்குப் பிடித்தார். கோட்டைக்குள் உணவு தீர்ந்தது. கடைசியில் அவரைப் பிடித்தது எதிரிப் படையல்ல. அவருடைய திவான் சீனிவாச ராவும், அவரிடம் இருந்த பிரெஞ்சுத் தளபதி மார்ஷாவும், மருத்துவர் பாபா சாகிபும் சேர்ந்து, 1764 அக்டோபர் 13 அன்று அவர் தொழுகையில் இருந்த வேளையில், அவருடைய தலைப்பாகைத் துணியாலேயே கட்டினார்கள். அக்டோபர் 15 அன்று சம்மட்டிபுரத்தில் அவர் தூக்கிலிடப்பட்டார். உடல் வெட்டப்பட்டுப் பல ஊர்களுக்கு அனுப்பப்பட்டது. எஞ்சியது அங்கேயே அடக்கம் செய்யப்பட்டு, பிறகு 1808ல் அதன் மீது பள்ளிவாசல் எழுப்பப்பட்டது.

உடலைத் துண்டாக்கி ஊர் ஊராக அனுப்பியதன் நோக்கம் மக்களை அச்சுறுத்துவது. நடந்ததோ வேறு. மதுரையில் கான்சாமேட்டுத் தெரு, கான்பாளையம் என்று அவர் பெயர் தங்கிவிட்டது. கான்சாகிபு சண்டை என்ற கதைப்பாடல் பிறந்தது. அவரால் பாதிக்கப்பட்டவர்களின் நினைவு மெல்ல மங்கியது. அவமதித்துக் கொல்லும்போது, கொல்லப்பட்டவரின் பழைய குற்றங்களும் சேர்ந்து புதைந்து போகின்றன. கொன்றவர்கள் இதை எதிர்பார்ப்பதே இல்லை.

2003 டிசம்பர் 13

இப்போது திக்ரித்துக்கு வருவோம்.

2003 ஏப்ரல் 9 அன்று பாக்தாத் வீழ்ந்தது. அதிலிருந்து எட்டு மாதம் தலைமறைவாக இருந்த சதாம், டிசம்பர் 13 இரவு, தம் சொந்த ஊர்ப் பகுதியான அத்தவ்ர் என்ற சிற்றூரில், பண்ணை ஒன்றின் நிலத்தடிக் குழியில் பிடிபட்டார். அவர் தலைக்கு அமெரிக்கா 2.5 கோடி டாலர் விலை வைத்திருந்தது. இடத்தைக் காட்டிக்கொடுத்தது, பிடிபட்ட அவருடைய நெருங்கிய பாதுகாவலர்களில் ஒருவர். மதுரைக் கதையின் சாயல் இங்கேயும் இருக்கிறது.

மறுநாள் பாக்தாத்தில் அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர் செய்தியாளர்கள் முன் அறிவித்தார். அரங்கில் இருந்த இராக்கியச் செய்தியாளர்கள் சிலரே எழுந்து சதாமுக்கு மரணம் என்று கோஷமிட்டார்கள். பிறகு அந்தக் காணொளி திரையிடப்பட்டது: கலைந்த தாடியோடு முன்னாள் அதிபர் உட்கார்ந்திருக்க, கையுறை போட்ட மருத்துவர் அவருடைய தலைமுடியைக் கிளறிப் பார்க்கிறார், வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்க்கிறார்.

உலகம் ஒரே மாதிரி எதிர்வினை காட்டவில்லை. ஒருவர் எங்கே நின்றார், என்ன இழந்தார் என்பதைப் பொறுத்தே அது அமைந்தது.

பாக்தாத்தின் ஷியா பகுதிகளிலும், கிர்குக்கிலும், குர்துகளின் நகரங்களிலும் வானை நோக்கிச் சுட்டு, இனிப்பு வழங்கிக் கொண்டாடினார்கள். அதைக் கண்டு முகம் சுளிக்கும் உரிமை நமக்கு இல்லை. 1988 மார்ச் 16 அன்று ஹலப்ஜா என்ற குர்து ஊரில் நச்சுவாயு வீசப்பட்டுச் சுமார் 5,000 பேர் இறந்தார்கள். அவர்கள் முஸ்லிம்கள், குழந்தையை அணைத்தபடி தெருவில் விழுந்து கிடந்த தந்தையின் படத்தை உலகமே பார்த்தது. 1982ல் துஜைல் என்ற ஊரில் தம்மைக் கொல்ல நடந்த முயற்சிக்குப் பழிவாங்க, 148 ஆண்களையும் சிறுவர்களையும் சதாமின் அரசு கொன்றது. எட்டு ஆண்டு ஈரான் போரில் இரு தரப்பிலும் மாண்டவர்கள் பல லட்சம். குவைத்திலும் ஈரானிலும் அன்று எழுந்த மகிழ்ச்சிக்குப் பின்னால் இத்தனை கப்ருகள் இருந்தன.

அதே நாளில் திக்ரித்திலும் ஃபலூஜாவிலும் ரமாதியிலும் பாக்தாத்தின் அஃதமிய்யாவிலும் கோபமும் ஊர்வலங்களும். காஸாவில் துக்கம். இன்திஃபாதாவில் உயிரிழந்தோரின் குடும்பங்களுக்குப் பணம் அனுப்பியவர், 1991ல் இஸ்ரேல் மீது ஏவுகணை வீசியவர் என்பதே அங்கே அவரைப் பற்றிய நினைவு. இலங்கையில் ஏறாவூரில் இராக்கின் நிதியுதவியால் எழுந்த, சதாம் ஹுசைன் கிராமம் என்றே பெயர்பெற்ற குடியிருப்பின் மக்களுக்கும் அவர் வீடு கொடுத்தவர்தான். பசித்தவனுக்குச் சோறு போட்டவனை ஊர் என்ன சொன்னாலும் அவன் மறக்க மாட்டான். அது குற்றமில்லை. அந்தச் சோற்றைக் காட்டி ஹலப்ஜாவை மறைக்கப் பார்ப்பதுதான் குற்றம்.

மூன்றாவது வகை ஒன்றும் இருந்தது. சதாமை வெறுத்தவர்களே அந்தக் காணொளியைப் பார்த்துத் தலைகுனிந்தார்கள். நம்மை ஒடுக்கியவனை நாம் விசாரிக்க முடியாமல், அந்நியர் வந்து மாட்டின் பல்லைப் பார்ப்பது போல் பார்க்கிறார்களே என்ற வேதனை அரபு நாடுகளெங்கும் பேசப்பட்டது. இந்த ஒப்புமையை வெளிப்படையாகச் சொன்னவர்களில் ஒருவர் வத்திக்கானின் கர்தினால் ரெனாட்டோ மார்ட்டினோ. அதற்காக அவர் அமெரிக்க ஊடகங்களில் திட்டு வாங்கினார். போர்க் கைதிகளைப் பொதுமக்களின் வேடிக்கைக்கு ஆளாக்கக் கூடாது என்பது ஜெனிவா ஒப்பந்தத்தின் விதி. படையெடுப்புக்குக் காரணமாகச் சொன்ன பேரழிவு ஆயுதங்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. அடுத்த ஏப்ரலில் அபூ குரைப் சிறைப் படங்கள் வெளிவந்தபோது, அந்த முதல் காணொளி எதன் தொடக்கம் என்று எல்லாருக்கும் புரிந்தது.

இந்தியாவின் நிலையையும் பதிவு செய்வது நல்லது. 2003 ஏப்ரலில் நம் நாடாளுமன்றம் இராக் மீதான படையெடுப்பைக் கண்டித்து ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. ஜூலையில், இராக்குக்கு இந்தியப் படையை அனுப்பும்படி அமெரிக்கா கேட்டதை வாஜ்பாய் அரசு மறுத்தது. சதாம் தூக்கிலிடப்பட்டபோது, அப்போதைய வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்ஜி வருத்தம் தெரிவித்தார். இவற்றில் எதுவும் சதாமுக்குக் கொடுத்த நற்சான்றல்ல.

நம் வீடுகளுக்குள் இரண்டு நினைவுகள்

தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் இந்தப் பேச்சு சிக்கலாவதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. அது குவைத்.

1990 ஆகஸ்ட் 2 அன்று சதாமின் படை குவைத்துக்குள் நுழைந்தபோது, அங்கே ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இருந்தார்கள். தமிழர்கள் நிறையப் பேர். வங்கியில் போட்ட பணம், கடை, வண்டி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பாலைவனம் வழியாக ஜோர்தானுக்கு வந்து, அம்மான் விமான நிலையத்தில் காத்திருந்து ஊர் திரும்பினார்கள். இரண்டு மாதங்களுக்கு மேல் ஏர் இந்தியா விமானங்கள் சுமார் 1,70,000 பேரை ஏற்றி வந்தன. ஒரு போரில் சிக்கிய குடிமக்களை விமானத்தில் மீட்ட மிகப் பெரிய நிகழ்வுகளில் ஒன்று அது. கையில் ஒரு பெட்டியோடு வந்து, கடனில் வாங்கிய விசாவுக்கு வட்டி கட்டியவர்கள் இருந்தார்கள். தங்கைக்கு வைத்திருந்த நகைப் பணம் போனவர்கள் இருந்தார்கள்.

அதே தெருவில், சில மாதங்கள் கழித்து, அமெரிக்கக் குண்டுகள் பாக்தாத்தில் விழுவதைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கொதித்த இன்னொரு வீட்டில் பிறந்த ஆண்பிள்ளைக்குச் சதாம் ஹுசைன் என்று பெயர் வைத்தார்கள். இரண்டு வீட்டாரும் ஒரே பள்ளிவாசலில் ஒரே ஸஃப்பில் நின்று தொழுதார்கள். இருவர் உணர்விலும் பொய் இல்லை.

பின்னாளில் ஐ.நா. இழப்பீட்டு ஆணையம் குவைத்திலிருந்து வெளியேற நேர்ந்தவர்களுக்குத் தொகை வழங்கியது. தனிநபருக்கு 2,500 அல்லது 4,000 டாலர், குடும்பத்துக்கு 5,000 அல்லது 8,000 டாலர் என்று நிர்ணயம். நம் ஊர்களிலும் பலர் விண்ணப்பம் எழுதிப் போட்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பலர் யோசித்ததில்லை. இராக்கின் எண்ணெய் விற்பனையில் ஒரு பகுதியைப் பிடித்து வழங்கப்பட்டது அது. மொத்தம் 5,240 கோடி டாலர். கடைசித் தவணை கட்டி முடிந்தது 2022ல். சதாம் இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆன பின்னும், அவர் செய்த அநியாயத்துக்கான கடனை, அந்தப் போரின்போது பிறந்திராத இராக்கியப் பிள்ளைகள் அடைத்துக்கொண்டிருந்தார்கள். வீரத்தின் பெயரால் ஓர் ஆட்சியாளர் எடுக்கும் முடிவுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்கு விளக்க, இதைவிட நல்ல கணக்கு கிடைக்காது.

மார்க்கம் எங்கே நிற்கச் சொல்கிறது

அநியாயக்காரன் வீழ்ந்தால் மகிழலாமா என்று கேட்பவர்களுக்கு வரலாற்றில் பதில் இருக்கிறது. ஹஜ்ஜாஜ் பின் யூசுஃபின் கொடுமை இராக்கில் பல்லாண்டு நீடித்தது. கி.பி. 714ல் அவர் இறந்த செய்தி கேட்டு, இப்ராஹீம் அந்நகஈ போன்ற தாபிஈன்கள் மகிழ்ச்சியால் அழுது ஸஜ்தாவில் விழுந்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அநீதி முடிவுக்கு வந்ததற்கு அல்லாஹ்வுக்கு நன்றி சொல்வது மனிதாபிமானத்துக்கு எதிரானதல்ல. ஆகவே ஹலப்ஜாவின் தாய் அன்று சிரித்ததைக் குறை சொல்ல எந்த ஆதாரமும் நம்மிடம் இல்லை.

ஆனால் கைதியை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கும் நமக்கு வழிகாட்டல் இருக்கிறது. திருக்குர்ஆனின் 76ஆம் அத்தியாயம் 8ஆம் வசனம் நல்லடியார்களின் பண்பாக, தமக்கே தேவையிருந்தும் கைதிக்கு உணவளிப்பதைச் சொல்கிறது. யமாமாவின் தலைவர் ஸுமாமா பின் உஸால் பிடிபட்டு மஸ்ஜிதுந் நபவியின் தூணில் கட்டப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அவரை அவமதிக்கவில்லை. மூன்று நாள் நலம் விசாரித்து விடுவித்தார்கள். அவர் குளித்துவிட்டு வந்து இஸ்லாத்தை ஏற்றார். போரில் கொல்லப்பட்ட எதிரியின் உடலைச் சிதைப்பதையும் நபியவர்கள் தடுத்தார்கள். நாசிர் ஜங்கின் தலையை ஈட்டியில் செருகியவர்களும், யூசுப் கானின் உடலைத் துண்டாக்க ஆணையிட்ட நவாபும் முஸ்லிம் பெயர் தாங்கியவர்களே என்பதை இங்கே மறைக்க வேண்டியதில்லை.

மூன்றாவதாக, ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நம்மை நீதி தவறச் செய்யக் கூடாது என்பது 5ஆம் அத்தியாயம் 8ஆம் வசனத்தின் கட்டளை. இது இரண்டு பக்கமும் வெட்டும். அமெரிக்கா மீதுள்ள கோபம் சதாமின் கொலைகளை நியாயப்படுத்தாது. சதாம் மீதுள்ள கோபம் ஆக்கிரமிப்பை விடுதலையாக்காது. அநியாயம் செய்யும் சகோதரனுக்கும் உதவுங்கள் என்று நபியவர்கள் சொன்னபோது, அது எப்படி என்று தோழர்கள் கேட்டார்கள். அநியாயத்திலிருந்து அவன் கையைத் தடுப்பதே அந்த உதவி என்று விளக்கம் வந்தது. 1988ல் சதாமின் கையைத் தடுக்க முஸ்லிம் உலகில் எத்தனை அரசுகள் முன்வந்தன? ஹலப்ஜாவின்போது அநேகமாக எல்லாரும் வாய்மூடி இருந்தார்கள். சகோதரர்கள் தடுக்காத கையைத்தான் அந்நியர்கள் வந்து, தம் சொந்த நோக்கத்துக்காக, முறித்தார்கள்.

தீர்ப்பில் விடுபட்டவர்கள்

சதாம் 2006 டிசம்பர் 30 அதிகாலை, பெருநாள் வேளையில், தூக்கிலிடப்பட்டார். அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததும், தூக்குமேடையில் அவரை ஏசிய குரல்கள் கைப்பேசிக் காணொளியில் பதிவாகி உலகெங்கும் பரவியதும், அவரை வெறுத்தவர்களையும் கூச வைத்தன. குவைத்தில் எல்லாம் இழந்து வந்த நம்மவர்களில் சிலர்கூட அன்று குர்பானி வீட்டில் உட்கார்ந்து மனம் கனத்துப் பேசியது நமக்குத் தெரியும். மதுரையில் 1764ல் நடந்த தவறு பாக்தாத்திலும் நடந்தது. தண்டனை பெற்ற குற்றவாளியாக முடிந்திருக்க வேண்டியவர், பலர் கண்ணில் ஷஹீதாக மாறினார்.

பலரும் கவனிக்காத இழப்பு வேறு. அவருக்குத் தூக்குத் தண்டனை கிடைத்தது துஜைல் வழக்கில் மட்டும். குர்துகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற அன்ஃபால் வழக்கின் விசாரணை அப்போது பாதியில் இருந்தது. அவர் இறந்ததால் அவர் மீதான அந்தக் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. யார் ஆணையிட்டார்கள், நச்சுவாயு செய்யும் பொருள்களை எந்த நாட்டுக் கம்பெனிகள் விற்றன என்பதையெல்லாம் அவர் வாயிலிருந்தே உலகம் கேட்டிருக்க வேண்டும். அது நடக்கவில்லை. அவசரமாகக் கயிற்றை இழுத்ததால் யார் யார் நிம்மதி அடைந்திருப்பார்கள் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம். ஹலப்ஜா வழக்கில் இராக்கில் தீர்ப்பு வந்தது 2010 ஜனவரியில்தான். சதாமின் உறவினர் அலி ஹசன் அல்மஜீத் அந்த வழக்கில் தீர்ப்புப் பெற்று, அதே மாதம் தூக்கிலிடப்பட்டார்.

ஹலப்ஜா மக்களோ அதற்கு முன்பே வேறொரு செய்தியைச் சொல்லிவிட்டார்கள். சதாம் சிறையில் இருந்த 2006ஆம் ஆண்டு, மார்ச் 16 நினைவு நாளில், ஆயிரக்கணக்கானோர் திரண்டு, தங்கள் ஊரில் இறந்தவர்களுக்காகக் கட்டப்பட்ட நினைவுச் சின்னத்துக்கே தீ வைத்தார்கள். வெளிநாட்டு விருந்தினர்களை அழைத்து வந்து காட்டவும் நிதி திரட்டவும் எங்கள் மரணத்தைப் பயன்படுத்துகிறீர்கள், எங்கள் ஊருக்கு நல்ல சாலையும் தண்ணீரும் எங்கே என்று அவர்கள் கேட்டது, சர்வாதிகாரி போன பிறகு வந்த தங்கள் சொந்தத் தலைவர்களைப் பார்த்து. அந்த ஊர்வலத்தில் ஓர் இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். நினைவுச் சின்னம் பிறகு புதுப்பிக்கப்பட்டது.